பெரிய வீட்டுக் குருத்தோலை

பெரிய வீட்டின் கூரை முப்பது வருஷம் ஒழுகியது. ஓடு கிடைக்காமலா? கொத்தனார் இல்லாமலா? எல்லாம் இருந்தது. கூரைமேல் சாய்ந்து ஓடுகளை நெரித்துக்கொண்டிருந்த கந்தாரியா மரத்தின் ஒரே ஒரு கிளையை வெட்ட, வாயெலு கிராமத்தில் ஒருத்தனுக்கும் கை வரவில்லை. அந்த மரத்தில் குருத்தோலை கட்டியிருந்தது. ஜாவாவுக்கு வெகு கிழக்கே இருக்கும் இந்தத் தீவில் ஓலை கட்டிய மரத்தை யாரும் தொட மாட்டார்கள். அந்த வீட்டில் குடியிருக்க வந்த அதிகாரிகள் கத்திப் பார்த்தார்கள், கெஞ்சிப் பார்த்தார்கள், கடைசியில் ஆளுக்கொரு வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் பதவிக்காலத்தை ஓட்டினார்கள்.

வாளி நிரம்பியதும் எடுத்துக் கொட்டியவள் ஓர்ப்பா. இது அவள் கதை. அவளைக் கேட்டால், “என் கதையா? வேற வேலை இல்லையா உங்களுக்கு?” என்று விரட்டியிருப்பாள்.

டச்சுக்காரத் துரை குடியிருக்கக் கட்டிய வீடு அது. கடலைப் பார்த்து எட்டு வெள்ளைத் தூண்கள், முன்னால் கொடிமரம். ஒரு கிராமம் பவளக்கல்லைச் சுட்டுச் சுண்ணாம்பு கொடுத்தது, ஒரு கிராமம் உத்தரம் இழுத்தது. வாயெலு ஆட்கள் ஹாலந்திலிருந்து வந்த தரை ஓடுகளைப் படகிலிருந்து தலைச்சுமையாகக் கொண்டு சேர்த்தார்கள். கூலி என்று ஒரு வாய் கஞ்சிகூட இல்லை. அதனால்தான் இன்றைக்கும் கல்யாண வீட்டில் பனங்கள் உள்ளே போனதும், “அந்த வீட்டுத் தரை எங்களுது, உங்க தூணை எடுத்துக்கிட்டுப் போங்கடா” என்று கிராமத்துக்குக் கிராமம் மல்லுக்கு நிற்கிறார்கள். துரைகளுக்குப் பிறகு ஒரு ஜப்பான் தளபதி வந்து சாப்பாட்டு மேஜைமேல் மிளகாய் காயப்போட்டான். சண்டை முடிந்து அவன் போனதும் மறுபடி துரை வந்தார். அவரோடுதான் ஓர்ப்பாவும் வந்து சேர்ந்தாள்.

அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. இஸ்திரி போடுவது வேலை. சாகுப் பனை மாவைக் கரைத்துக் கஞ்சி காய்ச்சி, துரையின் வெள்ளைச் சட்டைகளை அதில் முக்கி, சிரட்டைக்கரிப் பெட்டியால் தேய்ப்பாள். தேய்த்த சட்டையைத் தரையில் வைத்தால் தானாக நிற்கும். “துரை இல்லேன்னாலும் பரவால்ல, ஓர்ப்பா தேச்ச சட்டையே கச்சேரிக்குப் போய் உக்காந்து தீர்ப்பு சொல்லிடும்” என்று சமையல்காரி சிரிப்பாள்.

தினமும் காலையில் கொடியேற்றும்போது எக்காளம் ஊதியவன் சத்ராக். டச்சுப் பட்டாளத்தில் சிப்பாய். நல்ல உயரம், நல்ல வாய். அவன் குடும்பம் சாசி காக்கிற குடும்பம். சாசி என்றால் தடை. தேங்காயோ கிராம்போ கடலட்டையோ, முற்றுவதற்கு முன்னால் யாரும் கை வைக்கக் கூடாது என்று அந்தக் குடும்பத்து ஆள் குருத்தோலையைக் கட்டி வாக்குச் சொல்வான். கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும். ஓலை மக்கி விழுந்தால் தடையும் விழுந்தது. பச்சை ஓலையை மாற்றிக்கொண்டே இருந்தால் தடையும் நிற்கும்.

ஓர்ப்பாவின் பெயரை வைத்து அவன் ஓயாமல் சீண்டுவான். பைபிளில் மாமியாரோடு போகாமல் பாதி வழியில் திரும்பிப் போன மருமகளின் பெயர் அது.

“உன் பேரே திரும்பிப் போறவ பேரு. உன்னை நம்பி நான் எப்படி வர்றது?”

“நான் எங்கயும் போக மாட்டேன்டா. பாத்துக்கிட்டே இரு, போறது நீயாத்தான் இருக்கும்.”

விளையாட்டாகச் சொன்னது பலித்துவிட்டது. நாற்பத்தொன்பதாம் வருஷம் ஜனவரியில் அவனுக்கு ஜாவாவுக்கு மாற்றல் வந்தது. படகு ஏறப் போகிற அன்று காலையில் கையில் குருத்தோலையோடு கொல்லைப்பக்கம் வந்தான். ஓர்ப்பா கந்தாரியா மரத்தில் சாய்ந்து, அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

“என்ன பண்றே?”

“சாசி கட்டுறேன். இந்த மரத்துக் காயை நான் வர்ற வரைக்கும் ஒரு பய தொடக்கூடாது. வந்ததும் மொதக் காய் நாம ரெண்டு பேரும் தின்னணும்.”

“நாள் சொல்லாம கட்டுறியே? உங்கப்பா இந்த மாசம், இன்ன தேதின்னு சொல்லித்தானே கட்டுவாரு?”

“நாள் எதுக்கு? ஆறே மாசம். நான் வந்து அவுக்குற வரைக்கும்னு சொன்னா போதாதா?”

போதவில்லை. ஆனால் அது அப்போது யாருக்குத் தெரியும்? அவன் வாக்கைச் சொல்லிக்கொண்டே ஓலையை மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்தான். சுற்றும்போது அவளையும் சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்துக்கொண்டே குனிந்து வெளியே வந்தாள். அடுப்படி ஜன்னலிலிருந்து சமையல்காரி பார்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் ஊர் முழுக்கப் பேச்சு: ஓலைக்குள் நின்றவளும் தடையில்தான் இருக்கிறாள்.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால் அதன்பிறகு ஓர்ப்பாவைப் பெண் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. கேட்க நினைத்தவனும் மரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான்.

இரண்டு கடிதம் வந்தது. முதல் கடிதம் ஐம்பத்தொன்றில், சுரபாயாவிலிருந்து. பட்டாளத்தைக் கலைத்துவிட்டார்கள், எங்களை ஹாலந்துக்குக் கப்பல் ஏற்றுகிறார்கள், ஆறு மாசத்தில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம் என்று எழுதியிருந்தான். அடுத்தது அங்கே ஒரு முகாமிலிருந்து. பலகைக் குடிசை, தாங்க முடியாத குளிர், பெட்டியைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, எப்படியும் வரத்தானே போகிறோம் என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அந்தக் கடைசி வரியை ஓர்ப்பா எத்தனை தடவை படித்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சத்ராக்கின் அப்பா இருந்தவரை ஒவ்வொரு செப்டம்பரிலும் அவர்தான் ஓலையைப் புதுப்பித்தார். அவர் போனபின் மிச்சக் குடும்பம் அம்பொன் நகரத்துக்கே குடிபோய்விட்டது. அதற்கப்புறம் யாருக்கும் தெரியாமல் ஓர்ப்பாவே கட்ட ஆரம்பித்தாள். அது பெரிய தப்பு. உரிமை இல்லாதவர் கட்டினால் சபை முன்னால் நின்று அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். தெரிந்தேதான் செய்தாள். ஊரோ, பெட்டியோடு போனவனின் வாக்குக்கு அத்தனை சக்தி, ஓலை வாடவே இல்லை என்று சொல்லிக்கொண்டது. துரைகள் போய் ஜாவாவிலிருந்தும் அம்பொனிலிருந்தும் நம் நாட்டு அதிகாரிகள் வந்தார்கள். மரம் வளர்ந்தது. கிளை கூரையைத் தொட்டது.

இனி எலிஃபாஸைச் சொல்ல வேண்டும். பெரிய வீட்டுப் படகோட்டி. அதிகாரிகளைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோய்க் கூட்டிவருவான். சபையில் புல்லாங்குழல் வாசிப்பான். பேச்சு? வாயைத் திறந்தால் எதோ கொட்டிப்போய்விடும் என்கிற மாதிரி இருப்பான். சனிக்கிழமை தவறாமல் புகையில் சுட்ட சூரை மீன் ஒன்றை ஓர்ப்பாவின் ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டுப் போவான். துவைக்கிற நாளில் பெரிய படுக்கை விரிப்புகளைப் பிழிய இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனையை அவன். ஆளுக்கொரு பக்கம் முறுக்கிக்கொண்டு, நடுவில் தண்ணீர் கொட்ட, இரண்டு பேரும் எதுவும் பேசாமல் நிற்பார்கள். வாரம் முழுக்க ஓர்ப்பா அந்தக் கால் மணி நேரத்துக்காகக் காத்திருந்தாள். அதை அவள் தனக்கே ஒத்துக்கொள்ள நாலு வருஷம் ஆயிற்று.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஒரு நாள், விரிப்பைப் பிழிந்துகொண்டிருக்கும்போதே அவன் கேட்டான்.

“ஓர்ப்பா, அந்த ஓலை எப்பத்தான் விழும்?”

அவ்வளவுதான். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒன்பது வருஷத்தில் ஒரு மனுஷன் கேட்டுவிட்டானே என்கிற சந்தோஷம் அது. விரிப்பைக் கொடியில் போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டாள். எலிஃபாஸ் வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். போனவனை ஞாபகப்படுத்தி அழவைத்துவிட்டோமே என்று அவனுக்குப் பட்டது. இந்த இடத்தில்தான் எல்லாம் கெட்டது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் திரும்பிச் சொல்லியிருந்தால் போதும். எங்கே சொன்னாள்!

அந்த வருஷம் அவள் ஓலை கட்டவில்லை. போதும், விழட்டும் என்று விட்டுவிட்டாள். அக்டோபரில் அது காய்ந்து பழுப்பானது. நவம்பரில் ஈர்க்குதான் மிச்சம். இஸ்திரிப் பெட்டியை ஊதிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். இன்னும் ஒரு காற்று, ஒரே ஒரு மழை. விழுந்த அன்றைக்கு அந்த ஈர்க்கை எடுத்துக்கொண்டு போய் எலிஃபாஸின் படகில் வைத்துவிட வேண்டும், வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு. ஆராதனை முடிந்து திரும்பி வந்து பார்த்தால், மரத்தில் பச்சைப் பசேலென்று புது ஓலை.

ஓர்ப்பா கொல்லைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வாரம் சத்ராக்கின் சித்தப்பா பையன் யோப்பி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடிக்க அம்பொனிலிருந்து வந்திருந்தான். அப்படியென்றால் சத்ராக் சொல்லியனுப்பியிருக்கிறான். உயிரோடு இருக்கிறான். மறக்கவில்லை. அவளுக்குச் சந்தோஷம் வந்தது. வந்த கையோடு, அந்தச் சந்தோஷத்தைத் தூக்கிக் கடலில் எறிய வேண்டும் போலவும் வந்தது. யோப்பியிடம் போய், “அங்கருந்து ஏதாவது சேதி உண்டா?” என்று மட்டும் கேட்டாள். அவன் தூரிகையை எடுக்காமலே, “வருவான், வருவான்” என்றான். ஓலையைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்டால், இத்தனை நாள் கட்டியது நான், விழட்டும் என்று விட்டதும் நான் என்று அல்லவா சொல்ல வேண்டும்?

அதன்பிறகு யோப்பி வருஷா வருஷம் வந்தான். ஓலையும் வருஷா வருஷம் மாறியது. சூரை மீனும் சனிக்கிழமை தவறவில்லை. விரிப்பின் அந்த முனையில் எலிஃபாஸ், இந்த முனையில் ஓர்ப்பா. அவன் மறுபடி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவன் கேட்கவில்லையே என்று அவள் ஏங்கினாள். முடி நரைத்தது. ஒரு அதிகாரி தானே அரிவாளோடு ஏணியில் ஏறி, ஏணி வழுக்கிக் கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டார். அதோடு ஊருக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று. இன்னொருவர் கட்டிலில் குடை விரித்துப் படுத்தார். சட்டைகள் மாறின, பித்தான்கள் மாறின, கொடி மாறியது. தேய்த்தவள் மாறவில்லை.

ஒன்றே ஒன்று. வருஷத்தில் ஒரு ஞாயிறு, கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு, எலிஃபாஸ் ஆராதனைக்குத் தாமதமாக வருவான். புல்லாங்குழல் பாதிப் பாட்டில்தான் சேரும். ஓர்ப்பா வாசலில் பிடித்துக் கிண்டல் செய்வாள். “என்ன, இன்னிக்கி ஒரு நாள் மட்டும் கர்த்தர் உனக்கு லீவு குடுத்துட்டாரா?” அவன் கசங்கின சட்டையைத் தட்டிக்கொண்டு சிரித்துவிட்டுப் போவான்.

எண்பத்துநான்கு நவம்பரில் சத்ராக் வந்தான்.

தடிமனான காலணி, கழுத்தில் கேமரா, கையில் மூன்று வாரத்தில் திரும்பிப் போக விமானச் சீட்டு. அவன் வருகிற சேதி கேட்டு, ஓர்ப்பா இரண்டு நாளாகக் கறுப்பு கெபாயாச் சட்டையைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருந்தாள். அவன் பெரிய வீட்டுப் படியேறி வந்து அவளைப் பார்த்தான். அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“ஓர்ப்பாவா? அட, நீ இன்னும் இங்கயா இருக்கே?”

முப்பத்தைந்து வருஷத்துக்கு இதுதான் பதில். அவள் சொன்னாள், “வேற எங்க இருப்பேன்?”

அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அழுதான். “பத்து வருஷம் பெட்டியைப் பிரிக்கல ஓர்ப்பா. நாளைக்குக் கப்பல், நாளைக்குக் கப்பல்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் முகாம்லயே கல்யாணம், புள்ளைங்க… உனக்கு என்னன்னு எழுதுறது? வெக்கமா இருந்துச்சு” என்றான். மனைவி, மூன்று பிள்ளைகளின் படத்தைக் காட்டினான். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள். நல்ல பிள்ளைகள். மூத்தவள் அவனைப்போலவே சிரித்தாள்.

ஓர்ப்பாவுக்கு அவனிடம் கோபம் வரவில்லை. அதுதான் அவளுக்கே ஆச்சரியம். இன்றைக்காவது ஓலையை அவிழ்த்துவிட்டுப் போகட்டும், செத்தாலும் தடை இல்லாமல் சாகலாம் என்று மட்டும் நினைத்தாள்.

அதிகாரிக்கும் அதே அவசரம். மறுநாள் சனிக்கிழமை காலையில் ஊரைக் கூட்டிவிட்டார். வாயெலுவின் தலைவரை இங்கே ராஜா என்பார்கள். ராஜா என்றாலும் கிராம்புக் காலத்தில் தானே மரம் ஏறுகிற ராஜாதான். அவர் ஏணியைக் கொண்டுவரச் சொன்னார்.

“சத்ராக், நீ கட்டினதை நீயே அவுத்துடுப்பா. ஆபீஸரு பாவம், வாளியோட வாழ்றாரு.”

சத்ராக் மரத்தருகே போனான். பழுத்துக் காய்ந்திருந்த ஓலையை விரலால் தொட்டுப் பார்த்தான். எத்தனை தேசம் போனாலும் சாசி காத்த வீட்டுப் பிள்ளை அல்லவா.

“இது போன வருஷத்து ஓலை. முடிச்சும் எங்க வீட்டு முடிச்சு இல்ல. இது படகு கட்டுற முடிச்சு. யாரு கட்டினது?”

“உங்க யோப்பிதான்!” என்றாள் ஓர்ப்பா. “நீ சொல்லி, யோப்பிதானே வருஷா வருஷம் கட்டினான்?”

“யோப்பியா? அவனுக்கு இளநி வெட்டவே வராது. நான் ஒண்ணும் சொல்லியனுப்பலியே.” அவன் தலையைச் சொறிந்தான். “நெசத்தைச் சொன்னா, இதைக் கட்டினதே எனக்கு மறந்துபோச்சு.”

ராஜா ஒரு முறை எல்லாரையும் பார்த்தார்.

“கட்டினவன்தான் அவுக்கணும். யாரு கட்டினது? வாயத் தொறந்து சொல்லுங்க.”

பின்வரிசையில் எலிஃபாஸ் தொப்பியைக் கழற்றினான்.

“நான்தான்.”

“நீயா? நீ எந்த உரிமையில கட்டினே?”

“உரிமை இல்ல, ராஜா. தப்புதான்.” அவன் ராஜாவைப் பார்க்கவில்லை, ஓர்ப்பாவைப் பார்த்தான். “அந்த வருஷம் ஓலை விழப் பாத்துச்சு. விழுந்தா இவ ஒடிஞ்சுபோயிடுவாளேன்னு நெனச்சேன். நான் கேட்டதுக்கே அப்படி அழுதா. எல்லாரும் சபைக்குப் போனப்புறம் வந்து கட்டினேன். அப்புறம் விட மனசு வரல. நான் கட்டினதுன்னு தெரிஞ்சா இவளுக்கு அது வெறும் ஓலையாப் போயிடும்னு யாருகிட்டயும் சொல்லல.”

ஓர்ப்பா எழுந்தாள். அவன் முன்னால் போய் நின்றாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

“விழட்டும்னுதானய்யா விட்டேன்! அதுக்கு முன்னால நாலு வருஷம் கட்டினவளும் நான்தான், அந்த வருஷம் கட்டாம விட்டவளும் நான்தான். உனக்காகத்தான்யா விட்டேன்!”

“நீ அழுதியே…”

“அழுதா? மனுஷங்க ஒரே ஒரு காரணத்துக்குத்தான் அழுவாங்களா? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, மனுஷா? இருபத்தாறு வருஷம்! ஒரே விரிப்பை ரெண்டு பேரும் பிழிஞ்சோமே, அப்பக்கூடக் கேக்கத் தோணலியா?”

“உனக்குத் தோணுச்சா?” என்றான் எலிஃபாஸ், மெல்ல.

கூட்டத்தில் பெண்கள் முந்தானை இல்லாத குறைக்குக் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்கள். சத்ராக் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டான்.

ராஜா தீர்ப்பு சொன்னார். பொய்ச் சாசி கட்டியவன் நாளைக்குச் சபை முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்றார். கட்டியவளும்தான் என்று ஓர்ப்பா சொன்னாள். சரி, இரண்டு பேரும் என்றார். பிறகு எலிஃபாஸ் முடிச்சில் கை வைத்தான், லேசில் அவிழவில்லை. அவிழ்ந்ததும் ஏணியில் ஏறினான். அவனுக்கு ஐம்பத்தொன்பது வயது. ஓர்ப்பா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவன் ஒரு காயைப் பறித்துக்கொண்டு இறங்கி, பாதி கடித்து, மீதியை அவளிடம் நீட்டினான். கந்தாரியா, மாங்காய்க்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. வாயில் வைத்ததும் அவளுக்குக் கண் சுருங்கியது.

“புளிக்குதா?” என்றான்.

“பல்லு கூசுது. இதுக்குத்தானா இத்தனை வருஷம்!” என்றாள். ஆனால் துப்பவில்லை, கொட்டை வரைக்கும் தின்றாள்.

மத்தியானத்துக்குள் கிளையை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். அதிகாரி வாளியைத் தன் கையாலேயே வெளியே தூக்கிப் போட்டார். கூட்டம் கலைந்தது. எலிஃபாஸ் மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லைப்படியில் நின்றான். ஓர்ப்பா உள்ளே போய்ப் பெட்டியில் சிரட்டைக்கரியைப் போட்டு ஊதினாள். சாகுக் கஞ்சி கரைத்தாள். டச்சுத் துரை, ஜாவா அதிகாரி, அம்பொன் அதிகாரி என்று அந்த வீட்டில் எத்தனையோ பேருடைய சட்டைகளைத் தேய்த்தவள், தனக்கென்று ஒருத்தன் சட்டையைத் தேய்த்ததே இல்லை.

ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள்.

“அந்தச் சட்டையைக் கழட்டிக் குடு. நாளைக்கு என் பக்கத்துல நிக்கிறவன் கசங்கின சட்டையோட நிக்கக் கூடாது.”